போர்வைப் பிணைப்பு

வீட்டில் ஒரு பட்டதாரி இருந்தால் டியூஷன் செலவு மிச்சம் என்பது என் மனைவியின் கொள்கை. அந்தப் பட்டம் வணிகவியலில் வாங்கியது என்பதையெல்லாம் அவள் பொருட்படுத்துவதில்லை. ஆகவே ப்ளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு வேதிப்பிணைப்பு சொல்லித்தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அணுவின் நடுவில் புரோட்டானும் நியூட்ரானும் அடங்கிய அணுக்கரு, சுற்றிலும் எலக்ட்ரான்கள். இதுவரை நானே சமாளித்துவிட்டேன். பிணைப்பு விவகாரம் முழுக்க வெளிக்கூட்டு எலக்ட்ரான்களுடையது. ஆக்சிஜனுக்கு அங்கே ஆறு இருக்கிறது, எட்டு வேண்டும். ஹைட்ரஜனுக்கு ஒன்று இருக்கிறது, இரண்டு வேண்டும். ஒரு ஆக்சிஜன் இரண்டு ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொள்கிறது. ஆளுக்கொன்று போட்டு ஜோடியாக்கி, இருவருமே சொந்தம் கொண்டாடுவதுதான் சகப்பிணைப்பு. 1916-ல் கில்பர்ட் லூயிஸ் என்ற அமெரிக்கர் சொன்ன யோசனை.

“நானும் உங்கம்மாவும் ஒரே போர்வையைப் பங்கு போட்டுக்கற மாதிரி” என்று உதாரணம் எடுத்துவிட்டேன்.

மகள் சிரிக்காமல் கேட்டாள்: “காலைல பாத்தா நீங்க வேட்டியப் போத்திக்கிட்டுத் தூங்கறீங்களேப்பா?”

அதற்கும் புத்தகத்தில் பெயர் இருந்தது: முனைவுள்ள சகப்பிணைப்பு. பொதுச் சொத்தைத் தன் பக்கம் இழுக்கும் குணம் எலக்ட்ரான் கவர்தன்மையாம். 1932-ல் லைனஸ் பாலிங் அதற்கு மதிப்பெண்ணே போட்டார். அந்த அளவுகோலில் இன்று ஆக்சிஜன் 3.44, ஹைட்ரஜன் 2.20. ஹைட்ரஜன் வேட்டியோடு கிடக்கிறது. பங்கீடு என்று சொன்ன லூயிஸுக்குக் கடைசிவரை நோபல் பரிசு கிடைக்கவில்லை. யார் எவ்வளவு இழுப்பார் என்று அளந்த பாலிங்குக்கு 1954-ல் வேதியியல் நோபல், பிறகு சமாதான நோபலும். (அது அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்ததற்கு, போர்வைச் சண்டையைத் தீர்த்ததற்கல்ல.)

“இழுக்கறது நல்லதுக்குத்தான்ப்பா” என்றாள் மகள். ஆக்சிஜன் இழுப்பதால் நீர் மூலக்கூறின் அந்தப் பக்கம் லேசாக எதிர்மின்னும், ஹைட்ரஜன் பக்கம் லேசாக நேர்மின்னும் ஏறுகின்றன. ஒரு மூலக்கூறு அடுத்ததைப் பிடித்துக்கொள்கிறது. அது ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் 100 டிகிரி வரை தாக்குப்பிடிப்பது இதனால்தான். ஹைட்ரஜன் சல்பைடு தண்ணீரைவிடக் கனமான மூலக்கூறு. ஆனால் அங்கே கந்தகத்தின் இழுப்பு குறைவு, பிடியும் தளர்வு. மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துப் போய்விடுகிறது.

சமையலறையிலிருந்து குரல் வந்தது: “கேட்டுக்கோங்க. நான் இழுக்கலேன்னா இந்தக் குடும்பம் என்னைக்கோ ஆவியாயிருக்கும்.”

நான் விடவில்லை. சமமாகப் பங்கு போட்டுக்கொண்டே கெட்டியாக இருப்பவர்களும் உலகத்தில் உண்டு என்று நிரூபிக்கப் பக்கங்களைப் புரட்டினேன். கார்பன் அகப்பட்டது. ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பன்களோடு சரிபாதிப் பங்கு, இழுபறியே கிடையாது, அப்படியும் அசைக்க முடியாத உறுதி.

“அதுக்கு என்ன பேருப்பா?” என்றாள் மகள், தெரிந்துகொண்டே.

“வைரம்.”

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும் அதே கார்பன்தான், மூன்று பேரோடு மட்டும் பிணைந்து அடுக்கடுக்காக வழுக்கும், விலையும் மலிவு என்று அவசரமாக விளக்கினேன். அந்தப் பகுதி மட்டும் யார் காதிலும் விழவில்லை.

வீட்டில் பாடம் நடத்தும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் வரைக்கும் நீங்களே நடத்துங்கள். கார்பனுக்கு டியூஷன் வாத்தியாரை வைத்துவிடுங்கள். அவருக்கு ஃபீஸ் மாதக் கணக்கில்தான், காரட் கணக்கில் இல்லை.