ஊரில் இருந்ததும் வண்டியில் ஏறியதும்

நான் தீயணைப்புத் துறையில் சேர்ந்தது எண்பதுகளின் நடுவில். அப்போது எங்கள் வண்டியில் இருந்த சாமான்களை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். தொட்டி நிறையத் தண்ணீர், பம்ப், சுருட்டி அடுக்கிய ஹோஸ்கள், நுனியில் தண்ணீர் பீய்ச்சும் பித்தளை பிராஞ்ச், குளத்திலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் தண்ணீர் இழுக்கக் கனமான உறிஞ்சு குழாய், சேறு ஏறாமல் அதன் வாயில் மாட்ட ஒரு வலைக்கூடை, மேலே ஏணி, நீளக் கழியில் பொருத்திய இரும்புக் கொக்கி, கடப்பாரை, கோடாலி, மண்வெட்டி, கயிறு. முன்னால் ஒரு மணி. இவற்றை வைத்துக்கொண்டுதான் தஞ்சாவூர்ச் சீமையின் கூரைத் தெருக்களுக்கும் வைக்கோல் போர்களுக்கும் கிணறுகளுக்கும் ஆறுகளுக்கும் ஓடினோம்.

எப்படி முடிந்தது என்று இப்போதுள்ள இளம் தீயணைப்போர் கேட்கிறார்கள். மீதிச் சாமான்களை ஊர் வைத்திருந்தது என்பதுதான் என் பதில்.

எனக்குச் சொந்த ஊர் பாபநாசம். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, காவிரி கிளை பிரிந்து குடமுருட்டியாகவும் அரசலாறாகவும் திருமலைராஜனாகவும் ஓடுகிற நிலம். வடக்கே கொள்ளிடம். ஊரை ஒட்டிய திருப்பாலைத்துறை கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. வட்டமாகச் செங்கல்லில் எழுப்பி, மேலே கூம்பாக மூடிய கட்டடம். 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். நெல்லுக்கு அந்தக் காலத்திலேயே செங்கல் சுவர் கிடைத்துவிட்டது. அதை விளைவித்தவர்கள் வீட்டுக்கு என் காலம் வரையிலும் கீற்றுதான்.

சித்திரை, வைகாசியில் மணி அடித்தால் பெரும்பாலும் கூரைத் தீ. கீற்று காய்ந்து கிடக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் நெருப்பு வீடு வீடாகத் தாவும். எரிகிற வீட்டில் தண்ணீர் அடிப்பது பாதி வேலை. மீதிப் பாதி, இன்னும் எரியாத வீட்டில். காற்று போகும் திசையில் இரண்டு வீடு தள்ளிப் போய், கொக்கியை மாட்டிக் கூரையைப் பிரித்து இழுத்துக் கீழே போட்டு, நெருப்புக்கு வழி இல்லாமல் இடைவெளி உண்டாக்க வேண்டும். அந்த வீட்டு அம்மாள் வாசலில் நின்று, "என் வீடு இன்னும் பத்தலையேய்யா, ஏன்யா பிரிக்கிறீங்க?" என்று கேட்பார். பதில் சொல்ல நேரம் இருக்காது. ஊர்ப் பெரியவர் ஒருவர்தான் வந்து அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போவார். கொக்கி துறையின் சொத்து. அந்தக் கூரையில் கை வைக்கிற உரிமையை எங்களுக்குத் தந்தது அந்தப் பெரியவர்.

கிணற்று வேலையிலும் இப்படித்தான். மாடு விழுந்துவிட்டது என்று போய் நிற்போம். எங்களிடம் இருக்கும் கயிறு மனிதனுக்குத் தாங்கும், மாட்டுக்குப் போதாது. "அண்ணே, பெரிய கயிறு எங்க கிடைக்கும்?" என்றால், "கோயில்ல பழைய தேர் வடம் கெடக்கு தம்பி, சாவி வாங்கியாரேன்" என்று ஒருவர் ஓடுவார். இன்னொருவர் சாக்குகளை அள்ளிக்கொண்டு வருவார். "வயித்துக்கடியில சாக்கை மடிச்சுக் கொடுத்துக் கட்டுங்க. வெறுங்கயிறு அறுத்துச்சுன்னா மாடு மிரண்டு உள்ள இருக்கிறவனை மிதிச்சுப்புடும்." இதே வேலைக்கு இப்போது அகலமான நாடாப் பட்டை வருகிறது; பாரம் ஒரே இடத்தில் அழுத்தாமல் பரவ வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அதை முதலில் சொல்லித் தந்தவர் ஒரு மாட்டுக்காரர்.

தோண்டியும் குடமும் விழுந்தால் எடுக்க அண்டை வீட்டில் பாதாளக் கரண்டி இருந்தது. ஆளே விழுந்து மூழ்கிய துயர நாட்களிலும் அதையேதான் வாங்கி இறக்கினோம். மூங்கில் ஏணி இருந்தது. பனையிலும் தென்னையிலும் ஏறுகிறவர்கள் இருந்தார்கள். கதண்டு என்கிற பெரிய விஷக் குளவியின் கூட்டை ராத்திரி நேரத்தில் பந்தம் காட்டி எரிக்க அவர்கள்தான் துணை. கதண்டு கூட்டமாகச் சேர்ந்து கொட்டினால் உயிருக்கே ஆபத்து என்பது இந்தச் சீமையில் குழந்தைக்கும் தெரியும். ஆற்றங்கரை ஊர்களில் ஆழம், சுழல், மணல் சரிவு எல்லாம் அறிந்த நீச்சல்காரர்கள் இருந்தார்கள். எந்த மதகடியில் சுழல் ஆளை வைத்துக்கொள்ளும், எத்தனை மணி நேரத்தில் எந்த வளைவில் ஒதுக்கும் என்று கரையில் நின்றபடியே சொல்வார்கள்.

பிறகு காலம் மாறியது. கூரை வீடுகள் குறைந்தன. 2010-ல் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டம் போன்றவற்றால் கீற்று இருந்த இடத்தில் கான்கிரீட் வந்தது. அந்தத் தெருத் தீக்களைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தீயணைப்புக்காக இந்தச் சீமையில் செய்யப்பட்ட மிகப் பெரிய காரியம் அதுதான். எந்த வண்டியும் அதற்கு ஈடில்லை.

வண்டியிலும் பெட்டி பெட்டியாகச் சாமான் ஏறியது. ஒவ்வொன்றும் ஏறியதற்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபம் தீப்பிடித்து மணமகனும் உறவினர்களும் கூரைக்கு அடியிலேயே போனார்கள். அந்த ஆண்டே ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளிக்கூடத் தீ. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தொலைவு. சமையல்கூடத்துத் தீ மாடியில் இருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது, இறங்கக் குறுகிய படிக்கட்டு, 94 குழந்தைகள். சுவரை வேகமாக உடைக்க, ஜன்னல் கம்பியை நொடியில் அறுக்க, புகைக்குள் மூச்சோடு நுழைய என்ன தேவை என்று அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு உத்தரவிட்டதும் அதன் பிறகுதான். அதே ஆண்டு டிசம்பர் 26-ல் சுனாமி. 2014-ல் சென்னை மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தபோது, இடிபாட்டுக்குள் உயிர் இருக்கிறதா என்று தேடும் கேமரா, கான்கிரீட்டை அறுக்கும் கருவி இவற்றின் அருமை தெரிந்தது.

கஜா புயல் மரம் அறுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தது. 2018 நவம்பர் 16 விடியலில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. சாலைக்குச் சாலை மரம். ஆம்புலன்ஸ் போக வேண்டுமென்றால் முதலில் ரம்பம் போக வேண்டும். முன்பு இரண்டு ஆள் இழுக்கும் ரம்பமும் கோடாலியும்தான். ஒரு தூங்குமூஞ்சி மரத்தை அகற்ற ஒரு பொழுது ஆகும். பெட்ரோல் ரம்பம் அதையே நிமிஷக் கணக்கில் துண்டு போடும். ஆனால் தென்னை வேறு ஜாதி. அதன் நார் ரம்பச் சங்கிலியைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மாற்றுச் சங்கிலியும், பல் தீட்ட உருட்டு அரமும், பெட்ரோலில் கலக்க ஆயிலும் பெட்டியில் இல்லாவிட்டால் மதியத்துக்குள் அந்த ரம்பம் வெறும் இரும்பு. டெல்டாவுக்கு என்று ஒரு வண்டியைத் தயார் செய்கிறவர் இதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

மீட்பு வண்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயம் உண்டு, ஐ.எஸ். 949 என்பார்கள். அதில் முக்கியமானவை நான் சேர்ந்தபோது கனவிலும் காணாதவை. திரவ அழுத்தத்தில் இயங்கும் வெட்டுக் கருவியும் விரிப்புக் கருவியும் அவற்றில் முதன்மை. அமெரிக்காவில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பவர் 1960-களில் பந்தயக் கார்களில் சிக்கியவர்களை எடுப்பதற்காக உருவாக்கிய கருவியின் வழிவந்தவை இவை. 700 பார் அளவு அழுத்தத்தில் காரின் கம்பத்தைக் கரும்பு போல நறுக்கும். கும்பகோணம் சாலையில் லாரியும் வேனும் மோதினால் அன்று நாங்கள் கடப்பாரையால் நெம்புவோம். இன்னொரு லாரியில் சங்கிலி கட்டி இழுப்போம். இழுக்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே இருப்பவர் அலறுவார். இப்போது முதலில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து வண்டியை அசையாமல் நிறுத்துகிறார்கள், பேட்டரி இணைப்பைப் பிரிக்கிறார்கள், பிறகுதான் வெட்டு. காலை அழுத்தும் முன்பலகை மெல்ல விலகுகிறது. பல நேரம் ஓட்டுநரின் கால் தப்புகிறது. இந்தக் கருவி முப்பது வருஷம் முன்னால் எங்களிடம் இருந்திருந்தால் இன்று நடமாடியிருக்கக்கூடிய சிலரை நினைத்துக்கொள்கிறேன்.

மூச்சுக் கருவியும் அப்படித்தான். உருளையில் 300 பார் அழுத்தத்தில் காற்று. ஏறக்குறைய அரை மணி நேரம் புகைக்குள் நின்று வேலை செய்யலாம். நாங்கள் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு தரையோடு தரையாகத் தவழ்ந்தோம். செப்டிக் டேங்கிலும் கிணற்றிலும் விஷவாயு தாக்கி ஒருவர் விழ, காப்பாற்ற இறங்கியவரும் விழுந்த கதைகள் நம் நாட்டில் ஏராளம். மூச்சுக் கருவியும், மூன்று கால் நிறுத்தியும், உடம்பைக் கட்டும் வாரும் இருக்கிற வண்டி வரும்வரை மேலே நிற்பவர்கள் இறங்கவே கூடாது.

சாமானை வாங்கினால் போதாது. வைக்கிற இடமும் முக்கியம். கனமானவை கீழ்ப் பெட்டியில். விபத்துக் கருவி இடுப்பு உயரத்தில், இரண்டு பேர் குனியாமல் எடுக்கும்படி. ரம்பமும் அதன் எண்ணெயும் ஒரே பெட்டியில். ஒவ்வொன்றும் பட்டை போட்டுக் கட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், பள்ளத்தில் வண்டி குதித்த பிறகு கதவைத் திறக்கும்போது கருவி தலையில் விழும். தினமும் காலையில் எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும். ராத்திரி மின்சாரம் இல்லாத இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தால் எது எங்கே என்று தெரிய வேண்டும். நல்ல நிலையங்களில் இதைத்தான் முதலில் பழக்குகிறார்கள்.

முழு மீட்பு வண்டி எல்லா நிலையத்துக்கும் வருவதில்லை. பல இடங்களில் தண்ணீர் வண்டியின் பெட்டிகளில்தான் இந்தக் கருவிகளும் நிற்கின்றன. பாபநாசம் போன்ற ஊருக்கு வண்டி தயார் செய்ய என்னைக் கேட்டால், பெரிய வண்டியைக் கேட்க மாட்டேன். கிராமத்து வாய்க்கால் பாலங்கள் குறுகல். ஆற்றங்கரைப் பாதை ஒரு டிராக்டருக்கு மேல் தாங்காது. சின்ன வண்டி, மேலே ரப்பர் படகு, உயிர்காப்பு உடுப்புகள், நீளமான மிதக்கும் கயிறு, கூடுதல் சங்கிலியோடு ரம்பம், வெட்டுக் கருவி, கதண்டு உடுப்பு. அதோடு மின்காப்புக் கையுறையும் கோலும். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கத்துக் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அறுவடைக்குப் பிறகு உயரமாக வைக்கோல் ஏற்றிப் போகும் லாரிகள் கம்பியில் உரசிப் பற்றிக்கொள்வதும் இங்கே வழக்கம். மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தி உறுதி சொல்லும்வரை ஆள் நெருங்கக் கூடாது. ஆகவே அந்தப் பகுதி மின்வாரிய எண்கள் வண்டியின் கதவில் ஒட்டியிருப்பதும் ஒரு கருவிதான்.

எனக்கு உறுத்துவது வேறு. வண்டி நிறைந்த அதே காலத்தில் ஊர் காலியாகிவிட்டது. கிணறு தூர்ந்ததும் பாதாளக் கரண்டி பழைய இரும்புக்குப் போனது. மரம் ஏற ஆள் இல்லை. ஆற்றங்கரையில் பிறந்த பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியவில்லை. மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வருகிற மாதங்களிலும், 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் கரை புரண்டதுபோல வெள்ளம் வரும்போதும், குளிக்க இறங்கியவர்கள் போய்விடுகிறார்கள். 2022 அக்டோபரில் பூண்டி மாதா கோயிலுக்கு வந்த தூத்துக்குடிக்காரர்கள் ஆறு பேரைக் கொள்ளிடம் கொண்டுபோயிற்று. தண்ணீருக்குள் ஒரு மனிதனுக்கு இருப்பது சில நிமிஷங்கள். எவ்வளவு வேகமாக வந்தாலும் வண்டிக்குப் பத்து, இருபது நிமிஷம் வேண்டும். அந்த இடைவெளியில் கரையில் ஒரு கயிறும் அதை எறியத் தெரிந்த ஒருவரும் இருந்தாக வேண்டும்.

2019 அக்டோபரில் மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் குழியில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்காக நான்கு நாள் நாடே விழித்திருந்தது. எத்தனையோ கருவிகள் வந்தன. குழந்தை உயிரோடு வரவில்லை. அந்தக் குழிக்குத் தேவைப்பட்டது ஒரு மூடி. அது வண்டியில் வர முடியாத சாமான்.

1944 ஏப்ரல் 14-ல் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்தபோது இறந்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது. அந்த வாரத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர் நிலையத்துக்குப் போங்கள். பெட்டிகளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், சந்தோஷமாகக் காட்டுவார்கள். உங்கள் கிராமத்துப் பாலம் எத்தனை அடி அகலம், எந்தக் குளத்தில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எந்தத் துறையில் சுழல் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள். படித்துறையில் ஒரு நல்ல கயிற்றையும் காற்றடைத்த டியூப் ஒன்றையும் கட்டித் தொங்கவிடுங்கள். கைவிட்ட ஆழ்துளைக் குழி இருந்தால் இன்றே மூடுங்கள். பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். ஆபத்து என்றால் 101 அல்லது 112. அழைக்கும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல், எந்தப் பாலத்தைத் தாண்டி எந்தக் கரை வழியாக வர வேண்டும் என்பதையும் சொல்லி, ஒருவரைச் சாலை முக்கில் நிறுத்துங்கள்.