எதுகைக் கோர்ட்

நாஞ்சில் நாட்டில் நெல்லும் வழக்கும் ஒரே வரப்பில் விளைந்தவை. பழையாறு பாய்கிற மண் அல்லவா? அறுப்பு முடிந்து மடியில் நாலு காசு சேர்ந்ததும் சிலர் கோயிலுக்குப் போவார்கள், பலர் வக்கீலைப் பார்க்கப் போவார்கள். போதாக்குறைக்கு மருமக்கள்வழி வேறு. அப்பன் சம்பாதித்தது மகனுக்குக் கிடையாது. மாமன் சொத்து மருமகனுக்கு. ஒரு வீட்டில் பத்துப் பேர் இருந்தால் பதினோரு வழக்கு நடக்கும் ஏற்பாடு அது. தேரூர்க்காரரான கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அந்தக் கூத்தை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்று பாடி, சம்பந்தப்பட்டவர்களையே சிரிக்க வைத்தார். 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த முறைக்கு முடிவு கட்டியது. வக்கீல் வீட்டுத் திண்ணைகள் அன்றைக்கு எப்படிப் பெருமூச்சு விட்டிருக்கும் என்று நினைத்தால் பாவமாக இருக்கிறது.

சட்டம் மாறலாம், சுபாவம் மாறுமா? வழக்காட வயல் இல்லாமல் போனால் வார்த்தை இருக்கிறது. பூதப்பாண்டியிலிருந்து உத்தியோகத்துக்காகச் சிதறிப்போன நாங்கள் சில பேர் ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் கூடுகிறோம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சொல் விளையாட்டு. உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும், அது கோர்ட்.

விளையாட்டைக் கொண்டுவந்தவன் ஒரு மருமகன். என் அக்காள் மகன், மெல்போர்னில் இருக்கிறான். மாமன் சொத்தை மருமகன் வாங்கிய காலம் போய், மருமகன் சொத்து மாமன்களுக்கு வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் விளையாடும் ‘ஹிங்க் பிங்க்’ என்ற ஆட்டமாம். ஒருவர் குறிப்புச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஓசை ஒத்த இரண்டு சொல்லில் விடை சொல்ல வேண்டும். கொழுத்த பூனை என்றால் ‘ஃபேட் கேட்’. அசை கூடினால் ஆட்டத்தின் பெயரும் கூடிக்கொண்டே போகும்: ‘ஹிங்க்கி பிங்க்கி’, ‘ஹிங்க்கெட்டி பிங்க்கெட்டி’.

“இதைத் தமிழ்ல விளையாடுவோமா மாமா?” என்றான் பையன். வினையை வருந்தி அழைக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது.

ஆங்கிலத்தில் கடைசி ஓசை ஒத்துப்போனால் வேலை முடிந்தது. நம்மிடமும் அது இருக்கிறது. இயைபு என்று பெயர். ஆனால் எங்கள் குழுவில் தாழக்குடித் தமிழ் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். பணி ஓய்வு பெற்றவர். இலக்கணம் அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை. “இயைபெல்லாம் சினிமாப் பாட்டுக்குச் செரி. நமக்கு எதுகைதான் வேணும்” என்று முதல் நாளே அரசியல் சாசனத்தை வாசித்துவிட்டார். இரண்டாம் எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். முதல் எழுத்து இரண்டு சொல்லிலும் குறிலானால் குறில், நெடிலானால் நெடில். ஆதாரம், அமிதசாகரர் செய்த யாப்பருங்கலக்காரிகை. சுமார் ஆயிரம் வருஷத்துச் சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ராத்திரி எட்டு மணிக்கு நீதி வழங்குகிற கோர்ட் வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லை.

முதல் சில நாள் சமாதானமாகவே போயிற்று. “மலையடிவாரத்து வாழைப்பழம் விமானம் ஏறினால்?” என்று துபாய்க்காரன் கேட்டான். “மட்டிப் பெட்டி” என்று வந்தது விடை. “ஆடி மாசம் ஆரல்வாய்மொழிப் பக்கத்து வயலில் எது எதைச் சாய்க்கும்?” என்றேன் நான். “காத்து நாத்தை” என்றார்கள். கணவாய் வழியாக அந்தக் காற்று வருகிற வரத்தில் நாற்று மட்டுமல்ல, வேட்டியும் நிற்காது. ஆனால் வேட்டிக்கு எதுகை சொல்லப் போனால் குழுவில் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

துபாய்க்காரன்தான் முதல் வழக்கைத் தாக்கல் செய்தான். “தீபாவளிக்கு முந்தின வாரம் பெஞ்சாதி பாடுவது” என்பது குறிப்பு. ஒருவருக்கும் பிடிபடவில்லை. அரை மணி நேரம் காக்கவைத்து அவனே விடையைச் சொன்னான்: “பட்டுப் பாட்டு!”

வாத்தியார் ஒரே வரியில் தள்ளுபடி செய்தார். “முதல் எழுத்து ஒண்ணு குறில், ஒண்ணு நெடில். எதுகை நிக்காது.”

“சாரே, ஒரு கால் கூடினதுக்கா இவ்வளவு கெடுபிடி? அந்தக் கால் எங்க கம்பெனி சம்பளத்துல கூட வர மாட்டேங்குது!” என்று கதறினான் துபாய்க்காரன். நாங்கள் அசையவில்லை. மறுநாள் மேல்முறையீட்டுக்கு வந்தான். இந்தமுறை நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தான். பகரத்துக்குப் பாகாரம் மோனையாகும் என்பது சட்டம். எதுகையில் தோற்றாலும் மோனையில் ஜெயித்திருப்பதாக அறிவிக்க வேண்டும் என்பது அவன் பிரார்த்தனை. வாத்தியார் யோசித்தார். யோசிக்கிறார் என்பது திரையில் ‘டைப்பிங்’ என்று தோன்றித் தோன்றி மறைந்ததில் தெரிந்தது. கடைசியில், “மோனை உண்டு. மார்க் பாதி” என்றார். அரை மார்க் வாங்கின சந்தோஷத்தில் துபாய்க்காரன் இரண்டு நாள் யாரையும் ‘லேய்’ என்று கூப்பிடவில்லை. ‘ஓய்’ என்று மரியாதையாகவே கூப்பிட்டான்.

அடுத்தது வாளி வழக்கு. “கல்யாண வீட்டுக் கடைசிப் பந்தியில் விளம்புகிறவன் கவிழ்த்துக் காட்டுவது” என்றார் மைனி. மைனி என்றால் என் அண்ணன் மனைவி. எங்கள் பக்கம் அண்ணி என்று சொன்னால் யாரோ வெளியூர்க்காரி என்று நினைத்துக்கொள்வார்கள். விடை ‘காலி வாளி’. மெல்போர்ன் மருமகன் முந்திக்கொண்டான். ஆனால் அவன் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுகிற தலைமுறை. அந்த எழுத்தில் லகரமும் ளகரமும் ஒன்றுதான். வாத்தியார் அதை ‘காலி வாலி’ என்று வாசித்துவிட்டார். “எதுகை சுத்தம். வாலி காலியானதும் உள்ளது. ஆனா மறைஞ்சிருந்து அம்பு விட்ட கதைக்கும் பந்திக்கும் என்ன சம்பந்தம் மக்ளே?” என்று கேட்டார். பையன் ராமாயணம் படித்ததில்லை. வாலி என்றால் சினிமாப் பாட்டு எழுதியவர் என்பது வரை தெரியும். “அவர் நிறைய எதுகை எழுதினவர்தானே மாமா, அப்ப சரிதானே?” என்று என்னைக் கேட்டான்.

அது வாலி இல்லை, வாளி என்று விளங்கியதும் அசல் வழக்கு தொடங்கியது. காதுக்கு ஒத்துப்போகிறது, கண்ணுக்கு ஒத்துப்போகவில்லை. லியும் ளியும் ஒரே எழுத்தா? அம்பத்தூரிலிருந்து எங்கள் குழுவில் ஒரு நண்பன் இருக்கிறான். “எங்க ஊர்ல ரெண்டும் ஒண்ணுதான்” என்று சாட்சி சொன்னான். அவர்கள் ஊரில் ழகரமும் அதே கூட்டத்தில்தான் சேர்த்தி என்பதால் அந்தச் சாட்சியம் ஏற்கப்படவில்லை. வாத்தியார் காரிகையைத் திறந்தார். யகரம், ரகரம், லகரம், வகரம், ழகரம், ளகரம் ஆறும் இடையினம். ஓரினத்து எழுத்துகள் இரண்டாம் இடத்தில் வந்தால் இன எதுகை. ஆகவே வாளி தப்பியது. அமிதசாகரர் பந்தியில் வாளியைக் காலியாகப் பார்த்த மனுஷராகத்தான் இருக்க வேண்டும்.

அம்பத்தூர்க்காரன் தனி வழக்கு. நான் ஒரு நாள், “சர்க்கரை வியாதி வந்த தாத்தா” என்று குறிப்புக் கொடுத்தேன். நாஞ்சில்காரர்கள் எல்லோரும் ஒரே நொடியில் ‘ஆட்டா பாட்டா’ என்றார்கள். எங்களுக்குத் தாத்தா என்றால் பாட்டா. அவனோ, செருப்புக்கு எப்படிச் சர்க்கரை வரும் என்று கேட்டான். விளக்கிச் சொன்னதும், உள்ளூர்ச் சொல்லை விடையாக வைப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று கொதித்தான். 1956-ல் நாங்கள் போராடித் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது பாட்டாவையும் மைனியையும் சேர்த்துத்தான் கொண்டுவந்தோம் என்று அவனுக்குப் பதில் மனு போயிற்று.

இந்த ஆட்டம் எங்களுக்குப் புதிது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. விடுகதையைப் பிசி என்று பெயர் சொல்லிச் செய்யுளியலில் உட்கார வைத்தவர் தொல்காப்பியர். எங்கள் ஆச்சிமார் அதையே அழிப்பாங்கதை என்று போட்டார்கள். ஆனால் சொல்லில் பொறி வைப்பதையும் பொறியிலிருந்து தப்புவதையும் வித்தையாகவே செய்து காட்டியவர் எங்களுக்குப் பக்கத்து இடலாக்குடிக்காரர், செய்குத்தம்பிப் பாவலர். 1907-ல் சென்னையில் சதாவதானம் செய்தவர். ஒரே நேரத்தில் நூறு காரியத்தில் கவனம். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குப் போடச் சொல்வார். ஒருவர் மணி அடிப்பார், ஒருவர் முதுகில் கல்லைப் போடுவார். எத்தனை மணி, எத்தனை கல் என்று கடைசியில் சொல்ல வேண்டும். 2008-ல் அவருக்குத் தபால்தலையும் வந்தது.

அவரை மடக்க ஒருமுறை ராமன் துருக்கருக்கும் துணை என்று பொருள் வரும்படி ஈற்றடி கொடுத்ததாக இங்கே சொல்வார்கள். முஸ்லிம் பாவலர் திணறுவார் என்று எதிர்பார்ப்பு. பாவலர் முந்தின அடியின் கடைசியில் ‘சத்’ என்று ஒன்றை வைத்தார். அவ்வளவுதான், துருக்கன் போய்ச் சத்துருக்கன் வந்துவிட்டான். தம்பிக்கு அண்ணன் துணை என்பதில் யாருக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்?

அவதானம் அவரோடு முடிந்துபோனதாக யாராவது சொல்லலாம். மைனி விளையாடுவதைப் பார்த்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள். ஒரு காது குக்கர் விசிலில். ஒரு காது பேரப்பிள்ளை ஒப்பிக்கும் பதினாறாம் வாய்ப்பாட்டில். ஒரு கண் சீரியலில், கை ஏத்தங்காய் நறுக்குவதில். இதற்கிடையில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் விடை வந்து விழும். எத்தனை விசில் என்று கேட்டால் அதற்கும் பிசகாமல் பதில் உண்டு. பாவலருக்காவது மணி அடிக்கிறவர் வேறு ஆள். மைனிக்கு மணி அடிப்பதும் அவர், எண்ணுவதும் அவர்.

அப்பேர்ப்பட்ட மைனி ஒரு திங்கட்கிழமை ராத்திரி இப்படிக் குறிப்புப் போட்டார்: “மணக்குடிக்குப் போகாமலே எங்க வீட்டுச் சட்டியில் பார்க்கலாம். தேங்காய் வறுத்து அரைச்சது.”

பழையாறு கடலில் சேருகிற மணக்குடியில் இருப்பது காயல். தேங்காய் வறுத்து அரைத்தால் தீயல். தண்ணீர் கூடிப்போன தீயல், ‘தீயல் காயல்’. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் குழுவில் ஒரு சத்தம் இல்லை.

காரணம், முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. விடுமுறைக்கு வந்திருந்த துபாய்க்காரனும் வாத்தியாரும் நானும் மைனி வீட்டில்தான் சாப்பிட்டோம். உள்ளித்தீயல். நல்ல தீயல் என்றால் சோற்றில் விட்ட இடத்தில் நிற்க வேண்டும். அன்றைக்கு அது இலையின் நாலு எல்லையையும் அளந்துவிட்டு, பக்கத்து இலைக்காரர் அவியலையும் விசாரித்தது. நாங்கள் மூன்று பேரும், “அமிர்தம் மைனி”, “தீயல்னா இதாக்கும் தீயல்” என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்திருந்தோம். இப்போது விடையைச் சொன்னால் நேற்றுச் சொன்னது பொய்ச்சாட்சி. சொல்லாவிட்டால் இத்தனை நாள் காட்டிய புத்திசாலித்தனம் பொய்.

துபாய்க்காரன் பெயருக்குக் கீழே ‘டைப்பிங்’ என்று வந்தது, போயிற்று. என் விரல் ‘தீ’ வரைக்கும் போய்த் திரும்பியது. செல்போனே, ‘தீயில்’ என்று எழுதட்டுமா என்று கேட்டது. அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது. பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த ஊர் பூதப்பாண்டி. பேச எழுந்தால் கூட்டத்தைக் கட்டிப்போட்ட அந்த மனிதரின் ஊர்க்காரர்கள் ஒட்டுமொத்தமாக வாயடைத்துப்போனது அன்று ஒரு ராத்திரிதான்.

கடைசியில் வாத்தியார் துணிந்தார். பாவலர் வழியில் சொல்லை உடைத்தார். “தீயல்ல, காயல்ல” என்று எழுதினார். கீழே பொழிப்புரை: “தீ அல்ல, அதாவது கெட்டதில்லை. காய் அல்ல, அதாவது கனி. ரெண்டாம் எழுத்து யகரம், எதுகை சுத்தம்.”

நாங்கள் கைதட்டும் பொம்மைகளாக அனுப்பித் தள்ளினோம். மைனியிடமிருந்து பதில் வந்தது: “சாரே, பொய் சொல்லுகதுக்கும் யாப்பு வேணுமா?”

அந்த நேரம் பார்த்து மெல்போர்னில் நடுச்சாமத்தில் விழித்துக்கொண்ட மருமகன், தீயலைச் சாப்பிடாத தைரியத்தில், ‘தீயல் காயல்’ என்று தட்டிவிட்டு மறுபடி தூங்கப் போய்விட்டான். முழு மார்க் அவனுக்கு. மற்ற மூவருக்கும் மைனி தீர்ப்பெழுதினார்: விடை தெரிந்தும் மறைத்த குற்றத்துக்காக அடுத்த ஞாயிறு அதே வீட்டில், அதே தீயல். மேல்முறையீடு கிடையாது.

போனோம். தீயல் கெட்டியாக, கறுகறுவென்று, விட்ட இடத்தில் நின்றது. நன்றாக இருக்கிறது என்று மூன்று பேரும் மனதாரச் சொன்னோம். மைனி நம்பவில்லை. பொய்ச்சாட்சிக்காரன் பிறகு சொல்லும் நிஜத்தை எந்தக் கோர்ட் ஏற்றிருக்கிறது?

நேற்று ராத்திரி அவர் போட்ட குறிப்பு இது: “தேர்தலுக்கு முந்தின மாசம் தார் ஊற்றினால் விளைவது.” இரண்டு சொல், முதல் எழுத்து நெடில், இரண்டாம் எழுத்து டகரம். விடை எல்லோருக்கும் தெரியும். குழுவில் இரண்டு கட்சிக்காரர்களும் இருப்பதால் இதுவரை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வாத்தியார் மட்டும் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.