குப்பியும் நீலத் துணியும்

கேள்வி: போர் தொடங்கும்போது தலைவர்கள் சொல்வதில் எதையாவது நம்பலாமா?

தேதியை நம்பலாம். காரணத்தை ஆறப்போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

2003 பிப்ரவரி 5. ஐ.நா. பாதுகாப்பு சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கோலின் பவல் ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். ஈராக் அதிபர் சதாம் உசேன் 25,000 லிட்டர் ஆந்த்ராக்ஸ் கிருமி தயாரித்திருக்கலாம் என்றார். குப்பியில் இருந்தது ஆந்த்ராக்ஸ் அல்ல, வெறும் மாதிரி. அமெரிக்கா படையெடுத்துத் துருவித் துருவித் தேடியும் ஈராக்கில் பவல் சொன்ன பேரழிவு ஆயுதக் கையிருப்பு அகப்படவில்லை!

சபைக்கு வெளியே பிக்காசோவின் 'குவெர்னிகா' ஓவியத்தின் நெசவுப் பிரதி தொங்கும். குண்டுவீச்சில் சிதைந்த ஊரின் கதறல் அது. அந்த நாட்களில் அதை நீலத் துணி போட்டு மூடிவிட்டார்கள். கேமராவுக்குப் பின்னணி சரியாக அமையவில்லையாம். நம்புங்கள்!

2004 மார்ச்சில் நடந்த பத்திரிகையாளர் விருந்தில் அமெரிக்க அதிபர் புஷ், தம் அலுவலக மேஜை நாற்காலிக்கு அடியில் அந்த ஆயுதங்களைத் தேடும் படங்களைக் காட்டிச் சிரிப்பு மூட்டினார். சதாமின் சித்திரவதைக் கூடங்களுக்கு முடிவு கட்டிவிட்டதாகப் பேசிவந்தவரும் அவரே. அடுத்த மாதமே, ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் கைதிகளை வதைத்த படங்கள் வெளிவந்தன. சதாம் காலத்தில் சித்திரவதைக்குப் பேர்போன அதே சிறை. சாவி மட்டும்தான் கைமாறியிருந்தது.