வெளுத்த கடல் சாமந்திக்கு ராயபுரத்து வைத்தியம்

கடல் சாமந்தி பூவல்ல. பவளத்துக்குப் பங்காளி, சொறி மீனுக்குத் தூரத்து உறவு. அதன் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, வெளிச்சத்தில் ஆக்கிய சர்க்கரையை வாடகையாகச் செலுத்துகின்றன. தண்ணீர் சூடேறினால் வாடகை நின்று நஞ்சு சுரக்கத் தொடங்கும். வீட்டுக்காரர் குடித்தனத்தையே வெளியேற்றிவிடுவார். பழுப்பும் பச்சையும் அவற்றோடு போக, மிச்சம் வெள்ளை. அந்த வெள்ளையை மஞ்சள், நீலச் சாயத்தில் தோய்த்து அபூர்வ வகை என்று விற்கும் வணிகர்களும் உலகில் உண்டு. ஆதலால் கண்ணைப் பறிக்கும் நிறத்தை நோய்க்குறியாகக் கொள்க.

வெளுத்தது செத்ததன்று, பட்டினி கிடக்கிறது. காசிமேட்டு இறாலைச் சுண்டுவிரல் நகத்தில் பாதியாக நறுக்கி, இரண்டு மூன்று நாளுக்கொரு முறை ஊட்டுக. பெரிய துண்டு கொடுத்தால் மறுநாள் முழுசாகக் கக்கும். விளக்கை முதலில் மங்கலாக வைத்து வாரக்கணக்கில் கூட்டுக. வெப்பம் 25, 26 டிகிரியில் அசையாமல் நிற்க வேண்டும். சித்திரை மாதத்தில் இதற்குக் குளிர்விப்பானும், மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரும் தேவை. நோயாளி இரவில் நகர்ந்து போய்ப் பம்பில் சிக்கும். பம்பின் வாயை வலையால் கட்டுக. நிறம் திரும்பப் பல மாதம் ஆகும்.

இனி நீர். “அதான் எதிர்லயே கடல் கீதே, மொண்டுக்கினு வந்தா இன்னா?” என்பது பாமரர் கட்சி. மொள்ளும் மரபு இவ்வட்டாரத்தில் இருப்பது உண்மையே. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது கரையில் வாளி வாளியாக மொண்டார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியபோதும் மொண்டார்கள். இரு முறையும் மொண்டது நீரன்று.

சூடு வேறு இருக்கிறது. கடலோரத்தில் புதிதாக அமையும் அனல் மின் நிலையம் வெளிவிடும் நீரால், அது சேரும் நீரின் வெப்பம் 7 டிகிரிக்கு மேல் உயரலாகாது என்பது மத்திய அரசு விதி. வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் 1 டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே பவளம் வெளுக்கத் தொடங்கும். விதி வகுத்தோர் பவளத்தின் பங்காளிகள் எவரையும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

எனவே கடல் நீரை வீட்டிலேயே தயாரிப்பதுதான் சாஸ்திரம். காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய மீஞ்சூர் நிலையம், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுடையது. வேலை, கடலிலிருந்து உப்பை நீக்குவது. குழாய்க்கு வந்த நீரை வீட்டு ஆர்.ஓ.வில் இன்னொரு முறை வடிகட்டி, மீன் கடையில் வாங்கிய கடல் உப்புக் கலவையை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கரைத்தால் கடல் கிடைத்துவிடும். சமையல் உப்பு ஆகாது. ஒரு நாள் முழுக்கக் கலக்கி, ஆறவிட்டுப் பயன்படுத்துக.

வாரந்தோறும் தொட்டியில் பத்தில் ஒரு பங்கை மாற்ற வேண்டும். கழித்த நீரைக் குளியலறையில் ஊற்றலாம். வடசென்னைக் கழிவுநீர் கொடுங்கையூர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே 2019 முதல் தினமும் நாலரைக் கோடி லிட்டர் வரை ஆர்.ஓ. முறையில் வடிகட்டி மணலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய உப்பில் ஒரு பங்கு அங்கே மறுபடி நீக்கப்படும். அதைத் திரும்பக் கேட்டுப் பெற வழியில்லை.