இது உனக்கு ஆகாதுடே

திருநெல்வேலி ஜங்ஷனில் அண்ணாச்சி நடத்திய வாடகை நூல் நிலையத்தில் மொத்தமே மூன்று துறைகள்தான்: கொலை, குடும்பம், சரித்திரம். தமிழ்வாணனும் ராஜேஷ்குமாரும் கொலை. லக்ஷ்மி, சிவசங்கரி, ரமணிசந்திரன் குடும்பம். கல்கியும் சாண்டில்யனும் சரித்திரம். சுஜாதாவை எந்தத் தட்டில் அடுக்குவது என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கல்லாப்பெட்டி பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். புத்தக விலையில் பத்து சதவீதம் வாடகை.

‘புதிய வரவு’ என்று சிலேட்டில் எழுதியிருக்கும். பெரும்பாலும் யாரோ வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த பழைய தொடர்கதையாக இருக்கும். கதாநாயகி மயங்கி விழும் இடத்தில் தைல விளம்பரம் வரும். எங்களுக்கு அது புதுசுதான்.

அண்ணாச்சி தினத்தந்தி தவிர எதையும் படித்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் கணிப்பு பிசகாது. திரும்பி வரும் புத்தகத்தைப் புரட்டி, எங்கே எண்ணெய்க் கறை, எங்கே முனை மடிப்பு என்று பார்ப்பார். நாற்பதாம் பக்கத்தோடு அழுக்கு நின்றுபோயிருந்தால் அந்த நாவல் பின் தட்டுக்குப் போய்விடும். நான் ஆசையாக எடுத்து நீட்டினாலும் பிடுங்கி வைத்துவிடுவார். “இது உனக்கு ஆகாதுடே. வாங்கிட்டுப் போனவ எல்லாம் பாதியில கொண்டாந்து போட்டிருக்காவ.” எங்கள் வீட்டில் யாருக்குக் கண் வலி, யாருக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கல்யாணம் தள்ளிப்போகும் வீட்டுக்கு ரமணிசந்திரனைத் தரமாட்டார்.

இப்போது பரிந்துரைப்பவன் நான். மார்கழி பிறந்தால் போதும், “சார், துறைக்கு ஒண்ணா புதுப் புத்தகம் சொல்லுங்க” என்று அழைப்பு வரும். 1977-இல் அண்ணா சாலைப் பள்ளி ஒன்றில் 22 கடைகளோடு தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி, நந்தனத்தில் 900 கடைகளாகிவிட்டது. துறைகளும் அதற்கேற்ப: சூழலியல், பெண்ணியம், தலித் இலக்கியம், சிறார், மொழிபெயர்ப்பு, தன்முன்னேற்றம். அங்கேயும் அதே பத்து சதவீதம் உண்டு, அது கழிவு. அன்று பத்து சதவீதம் கொடுத்தவன் மறுநாள் வாடகை ஏறுமே என்று ராத்திரியோடு ராத்திரியாகப் படித்து முடித்தான். இன்று பத்து சதவீதம் மிச்சம் பிடித்தவனுக்கு என்ன அவசரம்?

நானும் சளைக்காமல் சொல்கிறேன். வரலாற்றுக்கு, 2024 சாகித்திய அகாதெமி விருது பெற்ற ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. எங்கள் ஊர் பற்றி எரிந்த கதை என்பதால் இதில் கொஞ்சம் ஊர்ப்பாசமும் உண்டு. நாவலுக்கு தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’. சிறுகதைக்கு அம்பை. எல்லாம் நல்ல புத்தகங்கள்தான், சந்தேகமில்லை. கேட்டவருக்குக் கண் வலியா, கல்யாணக் கவலையா என்பதுதான் எனக்குத் தெரியாது. கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வரும். அதில் எண்ணெய்க் கறையைத் தேடவா முடியும்?

இந்தப் பரிந்துரை உலகத்தில் யாரும் எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. எல்லாமே ‘தவறவிடக் கூடாதவை’. போன வருஷம் அண்ணாச்சியை நினைத்துக்கொண்டு, ஒரு நாவலின் பெயரைப் போட்டு, ‘இதைத் தவிர்க்கலாம்’ என்று எழுதிவிட்டேன். இரண்டே நாளில் பதிப்பாளர் போனில் வந்தார். சண்டைக்குத் தயாராகத் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“ரொம்ப நன்றி சார், மளமளன்னு போகுது. அடுத்த மாசம் ஒரு கவிதைத் தொகுப்பு வருது. அதையும் கொஞ்சம் திட்டி எழுதிக் கொடுத்தீங்கன்னா…”