சமர்த்தான குட்டி, பொல்லாத உதை

கேள்வி: அமெரிக்காவில் தற்காப்புக்கு முதல் கைத்துப்பாக்கி வாங்குகிறவருக்குச் சின்னதாக ஒன்று போதாதா?

பதில்: பல கடைகளில் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள், வந்தவர் பெண் என்றால் கேட்கவே வேண்டாம். ஐந்து குண்டு கொள்ளும் ஸ்மித் அண்ட் வெசன் குட்டி ரிவால்வர் கைப்பைக்குள் சமர்த்தாக உட்காரும். சுடும்போதுதான் சுயரூபம் தெரியும். எடை குறையக் குறைய உதை கூடும். விசையை இழுக்கவும் பலம் வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவரின் குண்டு திருடனை விட்டுவிட்டுச் சுவரைத் தேடிப் போகும்.

அதனால்தான் பயிற்சியாளர்கள் பலர் 15 குண்டு கொள்ளும் குளோக் 19 போன்ற நடுத்தர 9 மி.மீ. பிஸ்டலைக் கைகாட்டுகிறார்கள். குண்டு பெரிதாக வேண்டாமா? 1986-ல் மயாமியில் கொள்ளையர்களோடு நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு பெரிய குண்டு தேடிப் போன எஃப்.பி.ஐ.யே, 2016-ல் 9 மி.மீ. குளோக்குக்கு ஒப்பந்தம் போட்டது.

வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளங்கள் அங்கே உண்டு. நாலைந்தைச் சுட்டுப் பார்த்தபின் பர்ஸைத் திறக்கலாம். பூட்டுப் பெட்டிக்கும் சேர்த்து.