செயலாளரே, கொஞ்சம் உறங்கும்!

என்ன வே செயலாளரே, கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு? கேரல் ரவுண்ட்ஸ்ல கடைசி வீட்டுக் கடுங்காப்பியைக் குடிக்கும்போது கோழி கூவிட்டாமே! சந்தோசம். இன்னைக்கு என்ன ஊழியம்? ஸ்டார் கட்டணும், குடில் போடணும், சண்டே ஸ்கூல் புள்ளையளுக்கு நாடகம் பழக்கணும், பொறவு நோட்டீஸ்ல யாரு பேரு மேல வரணும்னு கமிட்டியில சண்டை போடணும். ஆண்டவரே நேர்ல வந்து நின்னாலும், "ஒரு ஓரமா உக்காரும், இருவத்தஞ்சாந் தேதி காலையிலதான் உமக்குப் புரோகிராம்"னு சொல்லிருவீரு.

ஒண்ணு கேக்கேன். ஆல்டர்ல ஊதாத் துணி விரிச்சிருக்கே, எதுக்கு? அழகுக்குன்னு நெனச்சீரோ? அட்வென்ட் நாலு ஞாயிறும் மனந்திரும்பிக் காத்திருக்கதுக்குள்ள காலம் வே. ஆதியில லெந்து மாதிரி இதுலயும் உபவாசம் இருந்திருக்காவ. நம்ம அதை முறுக்குச் சுடுத மாசமா ஆக்கிட்டோம். முந்திரிக்கொத்து விசயத்துல எனக்கு ஆட்சேபணை இல்ல, பல்லுதான் ஆட்சேபிக்கு.

லூக்கா மொத அதிகாரத்தைத் தொறந்து பாரும். கிறிஸ்மசுக்கு ஆண்டவர் செஞ்ச மொத ஏற்பாடு என்ன தெரியுமா? ஒரு ஐயரோட வாயை அடைச்சதுதான். சகரியா தூபங்காட்ட ஆலயத்துக்குள்ள போன மனுசன். தூதன் சொன்னதை நம்பல, பேச்சு போச்சு. வெளியில காத்துக்கிட்டிருந்த சனத்துக்குச் சைகைதான். பிரசங்கம் கெடையாது, அறிவிப்பு கெடையாது, மைக் டெஸ்டிங் கெடையாது. புள்ள பொறந்து எட்டாம் நாள் பேரு வைக்கும்போதுதான் வாய் தொறந்துச்சு, தொறந்ததும் வந்தது தோத்திரம். அத்தனை மாசமும் உள்ள ஊறிக் கெடந்ததுல்லா!

பொறவு யோசேப்பு. சுவிசேசம் நாலுலயும் தேடிப் பாரும், அந்த மனுசன் வாய் தொறந்து சொன்னதா ஒரு வாக்கியம் கெடைக்காது. மரியாளைச் சேத்துக்கோ, புள்ளையத் தூக்கிட்டு எகிப்துக்கு ஓடு, திரும்பி வா. எல்லாம் சொப்பனத்துல வந்த உத்தரவு. உமக்கு அப்படி ஏதாவது சொல்லணும்னா நீரு மொதல்ல உறங்கணும்லா? உறங்குனாத்தான் கொயர் வாட்ஸ்அப் குரூப்பு எழுப்பி விட்டுருதே.

எருசலேம்ல இருந்தவங்க கதை வேற. பிரதான ஆசாரியரும் வேதபாரகரும் மேசியா பெத்லகேம்ல பொறப்பாருன்னு ஏரோதுக்கு வசனத்தோட எடுத்துச் சொன்னாவ. பெத்லகேம் பத்து கிலோமீட்டர் கூட இல்ல. ஒருத்தராவது எந்திரிச்சுப் போய்ப் பாத்ததா மத்தேயு எழுதல. அன்னைக்குக் கமிட்டி இருந்திருக்கும்.

வேலையே செய்யக்கூடாதுன்னு நான் சொல்லுவேனா? மார்த்தாள் சமைக்காட்டா பந்தி ஏது? ஆண்டவரும் அவளை அடுப்பை அணைக்கச் சொல்லல. ஆயிரம் காரியத்துல மனசைச் சிதற விட்டு, சும்மா உக்காந்திருந்த தங்கச்சி மேல புகார் சொல்ல வந்தாளே, அதுக்குத்தான் அந்தச் செல்லக் கண்டிப்பு. நீரும் நேத்துக் கோயில்ல கண்ணை மூடி உக்காந்திருந்த கெழவியப் பாத்து, "ஒரு வேலையும் செய்யாம இருக்கா"ன்னு சொன்னீராமே? காதுக்கு வந்துச்சு.

எலியாவைப் பாரும். போதும் சாமின்னு சூரைச்செடி அடியில படுத்தவருக்குத் தூதன் வந்து கூட்டமா போட்டான்? அடையும் தண்ணியும் காட்டுனான். தின்னுட்டு மறுபடி படுத்தாரு, அதுக்கும் ஏசல. நல்லா உறங்க விட்டுத்தான் ரெண்டாம் தடவை எழுப்புனான். ஓரேப் மலைக்குப் போறதெல்லாம் அதுக்குப் பொறவுதான்.

அதனால இந்த வெள்ளிக்கிழமை ரவுண்ட்ஸை நிப்பாட்டும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயிலைத் தொறந்து வையும். பாட்டு வேண்டாம், பிரசங்கம் வேண்டாம், காணிக்கைப் பையும் வேண்டாம். வாறவன் சும்மா உக்காரட்டும். உறக்கம் வந்தா உறங்கட்டும், யாரும் தட்டி எழுப்பக் கூடாது. நானும் வாரேன். மைக் செட்டுக்காரப் பயலுக்கும் அன்னைக்கு லீவு குடுத்துரும்.